இடது கண் பரவாயில்லை

போன வாரம் குட்டியை நாம் விட்டுவிட்டு வந்தது ஒரு மாடிப்படிக்குக் கீழே. ஏறுவதா, வந்த வழியே வீட்டைப் பார்த்துப் போவதா என்று கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் ஏறிவிட்டாள். ஏறாமல் போயிருந்தால் இந்த வாரம் எனக்கு வேலை ஏது?

புதிதாகப் படிக்க வந்தவர்கள் குட்டி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது தாண்டியவள். பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். மருந்துக்கடையில் சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பது அவள் உத்தியோகம். குட்டி என்பது அண்ணன் வைத்த செல்லப் பெயர். கழுதை வயசானாலும் அவருக்கு அவள் குட்டிதான்.

அந்த அண்ணன்தான் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். அவள் மூக்கில் இதுவரை ஏறிய கண்ணாடி அத்தனையும் அவர் கையால் போட்டது. வேறு கடை வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. அண்ணன் இருக்கும்போது அடுத்தவன் எதற்கு?

ஆனால் சில நாளைக்கு முன்பு ஒரு குழந்தையின் மருந்துச் சீட்டில் ஐந்துக்கு முன்னால் இருந்த புள்ளி அவள் கண்ணில் படவில்லை. அரை மில்லி கொடுக்க வேண்டிய மருந்துக்கு, ஐந்து மில்லி என்று உறையில் எழுதிவிட்டாள். குழந்தையின் அப்பா வாசல் தாண்டுவதற்குள் முதலாளி பார்த்துப் பிடுங்கினாரோ, பிழைத்தோமோ. "கண்ணை ஒழுங்கா ஒரு இடத்துல காட்டிட்டு வாம்மா. இன்னொரு தடவை இப்படி நடந்தா உன்னை இங்க வெச்சுக்க முடியாது" என்றார். நல்ல மனுஷர்தான். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

முதலில் அண்ணனிடம்தான் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்து, திருகாணியை முறுக்கி, "உனக்குத் தூக்கம் பத்தல குட்டி" என்று அனுப்பிவிட்டார். பிறகு விளக்கு ஜகஜ்ஜோதியாக எரியும் பெரிய கடை ஒன்று. அங்கே அவள் கண்ணைப் பார்த்த நேரத்தைவிட, அவள் முகத்துக்கு எந்த ஃபிரேம் எடுப்பாக இருக்கும் என்று பார்த்த நேரம் அதிகம். ஒன்று வாங்கினால் ஒன்று சும்மாவாம். கண்ணையும் அப்படிக் கொடுத்தால் தேவலை என்று எழுந்து வந்துவிட்டாள்.

மருந்து வாங்க வந்த ஒரு பாட்டுவாத்தியார் சொன்ன இடம்தான் இந்த மாடி, ஒரு அம்மாள் கண் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடை. "அந்த அம்மா சிடுசிடுன்னுதான் பேசும். ஆனா பொய் சொல்லாது" என்றிருந்தார்.

வாத்தியார் சொன்னது சரி. உள்ளே நுழைந்ததும் சிடுசிடுப்பு ஆரம்பித்துவிட்டது.

"கண்ணைக் கசக்காதீங்க."

"லேசா அரிச்சுது மேடம்..."

"அரிச்சாலும் கசக்கக் கூடாது. உக்காருங்க."

சின்ன அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. மோவாயை வைத்துக்கொள்ள ஒரு கருவி. அந்த அம்மாள் குட்டியின் கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் கடையில் இந்நேரம் கண் பார்த்து, கதை பேசி, டீயும் குடித்து முடித்திருப்பார்கள்.

பிறகு வலது கண்ணை மறைத்துவிட்டு, எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார்.

"இப்பத் தெரியுதா?"

"பரவாயில்ல மேடம்."

"பரவாயில்லன்னா என்னம்மா? தெரியுதா, தெரியலையா?"

குட்டி உற்றுப் பார்த்தாள். எழுத்து என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அது பானாவா மானாவா என்று சொல்ல முடியவில்லை. ஒரு எழுத்துக்கு மூன்று நிழல் விழுந்து, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இடது கண் கொஞ்சம் மந்தம் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை மோசம் என்று தெரியாது. வலதை மூடிக்கொண்டு யார் உலகத்தைப் பார்க்கிறார்கள்?

"தெரியல" என்றாள். இந்த ஒரு வார்த்தையை அண்ணன் முன்னால் அவள் சொன்னதே இல்லை. அவர் ஆசையாகக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தெரியவில்லை என்று சொன்னால் மனசு நோகுமே என்று, தெரிந்தாலும் பரவாயில்லை என்பாள், தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பாள். உறவுக்காரரிடம் கண்ணைக் காட்டுவதில் உள்ள சங்கடம் இது. பதில் சொல்வது கண் அல்ல, மரியாதை.

அந்த அம்மாள் குட்டியின் கண்ணாடியைக் கழற்றி வாங்கினார். கையை நீட்டி, வலது பக்கச் சில்லு வழியாகக் கதவின் நிலையைப் பார்த்தபடி மெதுவாக அசைத்தார். குட்டியையும் அருகில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். சில்லு அசைய அசைய, நிலைக்கோடும் கூடவே நகர்ந்தது. அப்புறம் இடது சில்லு. எத்தனை அசைத்தும் கோடு இருந்த இடத்தை விட்டு இம்மியும் நகரவில்லை.

"பவர் இருந்தா கோடு நகரும். இதுல பவர் இல்ல. வெறும் கண்ணாடி."

"எப்படி மேடம்? ரெண்டும் ஒரே கனமாத்தானே இருக்கு?"

"ஒரே கனமா இருக்கட்டும்னுதான் இதைப் போட்டிருக்காங்க. பாக்கறவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத் தெரியணுமில்ல? எந்தப் பவரும் எடுபடாத கண்ணுக்கு நாங்களும் போடறதுண்டு. ஆனா சம்பந்தப்பட்டவங்ககிட்டச் சொல்லிட்டுப் போடுவோம். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

எங்கள் அண்ணன் போட்டது என்று சொல்லக் குட்டிக்கு நாக்கு எழவில்லை. அண்ணனை அந்நியர் முன்னால் விட்டுக்கொடுக்க இன்னும் மனசு வரவில்லை பாருங்கள்.

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். குரலில் இருந்த சிடுசிடுப்பு எங்கேயோ போய்விட்டது.

"கருவிழி உருண்டையா இருக்கணும்மா. உங்களுக்கு அது மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னாடி தள்ளியிருக்கு. அதுக்குச் சாதாரணக் கண்ணாடி எது போட்டாலும் உபயோகமில்ல. இடது கண்ணுல ரொம்ப முத்திப்போச்சு. கெட்டி லென்ஸ் ஒண்ணு இருக்கு, அதைக் கண்ணுக்குள்ள போட்டா ஓரளவு தெரியலாம். நான் பயப்படறது வலது கண்ணுக்கு. அதுலயும் ஆரம்பிச்சிருக்கு."

"வலதுலயுமா?"

"ஆமா. ஆனா அதை நிறுத்தலாம். மருந்து விட்டு, ஒரு வெளிச்சம் காட்டிக் கருவிழியைக் கெட்டிப்படுத்துவாங்க. போன பார்வை திரும்பாது. இருக்கற பார்வை போகாது. இடது கண்ணுக்கும் காலாகாலத்துல அதைச் செஞ்சிருந்தா இந்த நெலமைக்கு வந்திருக்காது."

"இப்ப எனக்குப் புதுக் கண்ணாடி...?"

"போட்டுத் தர மாட்டேன். இன்னிக்கு உங்களுக்குக் கண்ணாடி வித்தா நான் திருடி. முதல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க." அவரே தொலைபேசியை எடுத்துப் பேசி, நாளை மறுநாளுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார்.

தன்னிடம் எதையும் விற்க மறுத்த கடைக்காரியை அன்றைக்குத்தான் குட்டி முதல் முதலாகப் பார்த்தாள்.

எழுந்தவள், கதவருகில் நின்று கேட்டாள். "மேடம், கண்ணாடி போட்டவருக்கு இது தெரியாம இருந்திருக்கலாம் இல்லையா?"

அந்த அம்மாள் அவள் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "எடுபடாதுன்னு தெரிஞ்சதாலதானேம்மா வெறும் கண்ணாடி போட்டிருக்காங்க" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் குட்டி நின்றுகொண்டே வந்தாள். சின்ன வயதில் அவளுக்குக் கண்ணுக்குக் கண்ணாக இருந்த அண்ணன். அப்பா போன பிறகு இவளைப் படிக்க வைத்த அண்ணன். அதே அண்ணன் அவள் கண்ணிலேயே மண்ணைத் தூவினாரா? இருக்காது. ஏதோ காரணம் இருக்கும். போய்க் கேட்டால் சொல்லுவார். அவர் சொல்லும் காரணத்தை நம்பிவிட வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே வந்தாள்.

அண்ணன் கடையில் ஒரு பெரியவரின் கண்ணாடிக் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா குட்டி, உக்காரு. டீ சொல்லவா?"

"வேணாம். உன் வேலைய முடி."

பெரியவர் காதில் கண்ணாடியை மாட்டிப் பார்த்து, வலிக்கிறது என்று கழற்றி, மறுபடி மாட்டி, ஒருவழியாகப் போனார். குட்டி தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணா, இதுல இடது பக்கம் என்ன போட்டிருக்க?"

அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "யார்கிட்டப் போன?" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியிலேயே குட்டிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் வேண்டிக்கொண்டதெல்லாம் வீண்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அந்தக் கண்ணுக்கு எதைப் போட்டும் எடுபடல குட்டி. அதான், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு..."

"எப்பலேர்ந்து?"

"அது இருக்கும், ரொம்ப நாளா."

"ஒவ்வொரு தடவை வரும்போதும் இடது கண்ணு பரவாயில்ல, பரவாயில்லன்னு சொல்லி அனுப்பினியே!"

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். பிடிக்க ஒரு கொம்பு கிடைத்துவிட்டது. "ஆமா, பரவாயில்லன்னுதான் சொன்னேன். நல்லா இருக்குன்னு என்னிக்காவது சொன்னேனா? நல்லா யோசிச்சுப் பாரு. வலது கண்ணு நல்லா இருக்கு, இடது போனாப் போகுது, பரவாயில்லன்னு அர்த்தம். நீ தப்பாப் புரிஞ்சுகிட்டா நான் என்ன பண்றது?"

தமிழில் எத்தனையோ வார்த்தை இருக்க, இந்த மனுஷர் எதைப் பிடித்திருக்கிறார் பாருங்கள்! தேறிவிட்டது என்றாலும் பரவாயில்லை, தொலைந்து போகட்டும் என்றாலும் பரவாயில்லை. வருஷக்கணக்காக ஒரே வார்த்தையை அண்ணன் ஓர் அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார், தங்கை வேறோர் அர்த்தத்தில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் அப்படித்தான் வாங்கிக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். பொய் சொன்ன பாவமும் வேண்டாம், உண்மை சொல்லும் வலியும் வேண்டாம்.

"போனாப் போகுதுன்னு சொல்ல அது உன் கண்ணா?" என்று கேட்டாள் குட்டி. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அண்ணனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மொதல்ல எனக்கே புரியல குட்டி. சரியா வேலை செய்யாத சோம்பல் கண்ணுன்னு நெனச்சுப் பவரை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். என்னன்னு புரிஞ்சப்போ நாளாகிப்போச்சு. வேற இடத்துக்கு அனுப்பினா, இத்தனை நாள் யாரு பார்த்தாங்கன்னு கேப்பாங்க. சொந்தத் தங்கச்சி கண்ணையே கோட்டை விட்டவன்னு பேர் வந்தா, இந்தக் கடைப்படி எவன் ஏறுவான்?"

"உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு என் கண்ணு கெடட்டும்னு விட்டுட்ட."

"அப்படிச் சொல்லாத."

"வலதுலயும் ஆரம்பிச்சிடுச்சாம்ணா. அது தெரியுமா உனக்கு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் தெரியும் என்றுதான் அர்த்தம். வேலியே பயிரை மேய்ந்ததோடு நிற்கவில்லை, அடுத்த வயலுக்கும் போய்விட்டது.

குட்டி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். கடை வாசலைத் தாண்டப் போகும்போது பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. தனியாக மாட்டிக்கொண்டவன் துணைக்கு ஆள் சேர்க்கும் குரல்.

"என்னை மட்டும் குத்தம் சொல்லாத. மாப்பிள்ளைகிட்ட நான் அப்பவே சொல்லிட்டேன். நீ முழுகாம இருந்த நேரம். பிரசவம் முடியட்டும் மச்சான், இப்பச் சொன்னா பயந்துடுவான்னாரு. அதுக்கப்புறம் அவரும் அந்தப் பேச்சை எடுக்கல, நானும் எடுக்கல."

குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தாள். பஸ்ஸுக்குக் கையைக் காட்ட மறந்து இரண்டு பஸ்ஸை விட்டாள். வயிற்றில் இருந்த குழந்தை பிறந்து, நடந்து, பேசி, இன்றைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிறது. அத்தனை நாளும் பக்கத்திலேயே படுத்து எழுந்த மனிதருக்குச் சொல்ல ஒரு பொழுது வாய்க்கவில்லை.

வீட்டில் கணவன் வேலையிலிருந்து வந்துவிட்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கையிலிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மகள் உள் அறையில் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? கண்ணைக் காட்டினியா?"

"காட்டினேன். அண்ணன் கடைக்கும் போயிட்டு வரேன். நீங்க தெரிஞ்சு வெச்சிருக்கறதை அவரு சொன்னாரு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அதை மூடவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. கடைசியில் அவள்தான் போய் மூடினாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான்.

"எப்ப? பேரன் பொறந்த பிறகா?"

"பாப்பா பொறந்தா, உடம்பு தேறட்டும்னு பார்த்தேன். அப்புறம் நீ வேலையில சேர்ந்த. எவ்வளவு சந்தோஷமா இருந்த! அந்த நேரத்துல போய் எப்படிச் சொல்றது? நாளாக நாளாக, இவ்வளவு நாள் ஏன் சொல்லலன்னு கேப்பியேன்னு அதுவே ஒரு பயமாயிடுச்சு."

குட்டிக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. தெருவில் நடக்கும்போது அவன் எப்போதும் அவள் இடது பக்கம் வருவான். சாப்பிடும்போது அவள் இடது கைப்பக்கம் இருக்கும் தண்ணீர்க் குவளையைப் பேசிக்கொண்டே எடுத்து வலப்பக்கம் வைப்பான். பக்கத்து வீட்டுக்காரி "உங்க வீட்டுக்காரர் உங்க நிழல் மாதிரி" என்று சொன்னபோது இவளுக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் தெரிந்து செய்த காரியம். அன்புதான், இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. இத்தனை அக்கறை உள்ளவனுக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனதே!

"நாளன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்" என்றான்.

"வேணாம். டாக்டர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லுவாரு, நீங்க எங்கிட்ட வேற சொல்லுவீங்க."

அவன் கண் கலங்கிவிட்டது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தான். "தப்புதான். ஒத்துக்கறேன். இனிமே உனக்குத் தெரியாம உன் கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை யார்கிட்டயும் பேச மாட்டேன். பாப்பா மேல சத்தியம்."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. அன்றைக்கு முழுக்க நின்றவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. இந்த மனுஷர் குழந்தைமேல் வீணாகச் சத்தியம் செய்ய மாட்டார் என்று அந்த நிமிஷம் நம்பினாள்.

நம்பிக்கை வந்ததும் கொஞ்சம் தைரியமும் வந்தது. செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. முதலாளியிடம் தானே சொல்லிவிட வேண்டும். இடது கண் இப்படி, வலது கண்ணுக்கு வைத்தியம் ஆகப்போகிறது, அதுவரை சீட்டுப் படிக்கும் வேலை வேண்டாம், பெட்டி அடுக்குகிறேன், கணக்குப் பார்க்கிறேன், இடத்தை மட்டும் வைத்திருங்கள் என்று. தன் வாயால் சொன்னால் அவர் கேட்பார். அந்த வேலை அவளாகத் தேடிப் பிடித்தது, அண்ணன் கொடுத்ததும் இல்லை, கணவன் கொடுத்ததும் இல்லை. மறைத்து மாட்டிக்கொண்டவளாக அதை இழக்க அவள் தயாராக இல்லை.

போனை எடுத்தாள். முதல் மணியிலேயே முதலாளி எடுத்துவிட்டார்.

"சார், நான்தான். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். என் கண்ணைப் பத்தி..."

"தெரியும்மா. உங்க அண்ணன் சாயங்காலமே பேசிட்டாரு."

"எங்க அண்ணனா?"

"ஆமா. தங்கச்சிக்கு ஒரு கண்ணு சுத்தமாத் தெரியாது, இன்னொண்ணும் போயிட்டிருக்கு, நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தா என்னைச் சொல்லாதீங்கன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏம்மா, இத்தனை நாள் ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

வருஷக்கணக்காகத் தங்கையிடம் திறக்காத வாய், அவள் கடைப்படி இறங்கியதும் முன்பின் பழகாத ஒருவரிடம் திறந்துகொண்டுவிட்டது. அங்கே பரவாயில்லை என்று ஒரு பூசி மெழுகலும் இல்லை. சுத்தமாகத் தெரியாது என்று பளிச்சென்று சொல்லியிருக்கிறார்.

"எனக்கே இன்னிக்குத்தான் சார் தெரியும்" என்றாள் குட்டி.

மறுமுனையில் முதலாளி 'ம்' என்று இழுத்தார். நம்பவில்லை என்பது அந்த இழுப்பிலேயே தெரிந்தது.

"அப்படியாம்மா? அண்ணன் தங்கச்சிக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா இருக்கும், கோவத்துல சொல்றாருன்னுதான் நானும் நெனச்சேன். அதான் அவர் பேச்சை மட்டும் நம்பாம உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவரும் ஆமா சார், ரொம்ப வருஷமாவே அப்படித்தான்னு சொல்லிட்டாரு. அப்புறம் நான் என்ன பண்றது, சொல்லு. நாளையிலேர்ந்து வேற ஆளுக்குச் சொல்லிட்டேம்மா."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட எப்பப் பேசினீங்க சார்?"

"இப்பதாம்மா. ஒரு அரை மணி முன்னாடி."

குட்டி போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள். கணவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"அது நீ வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி" என்றான் மெதுவாக. "நான் இனிமேன்னுதானே சத்தியம் பண்ணேன்?"